கரைவலைப் பாட்டிலிருந்து ஒலிபெருக்கி வரை: கிண்ணியாவை நிலைக்களனாகக் கொண்ட ஒரு நோக்கு

கேட்பதற்கென்றே அமர்ந்து கேட்கும் இசை ஒருவகை; வேறொரு செயலில் ஈடுபட்டிருக்கும்போது செவியில் தானே வந்து விழும் இசை இன்னொருவகை. முன்னையது கலை எனப் போற்றப்பட்டு, அதன் இலக்கணமும் வரலாறும் அறிஞர் பலரால் விரித்துரைக்கப்பட்டுள்ளன. பின்னையதோ, நாள்தோறும் நம்மைச் சூழ்ந்திருப்பினும், ஆராய்ச்சிக்குரிய பொருளாகத் தமிழில் பெரிதும் கொள்ளப்படவில்லை. தேநீர்க்கடை வானொலியிலும், பஸ்வண்டியின் ஒலிபெருக்கியிலும், கடைத்தெருவிலும், படிக்கும் மாணவனின் செவிக்கருவியிலும் இடையறாது ஒலிக்கும் இப் பின்னணி இசை மனிதனின் மனநிலையையும் நடத்தையையும் கருத்தூன்றலையும் எவ்வாறு மாற்றுகின்றது? அம்மாற்றத்தை விரும்பி அமைப்பவர் யார்? அதற்கு உட்படுபவர் யார்? இவ்வினாக்களுக்கு வரலாற்றடிப்படையில் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சிக்குக் கிண்ணியா நிலைக்களனாகக் கொள்ளப்படுகின்றது. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் சூழ அமைந்த இவ்வூர், மீன்பிடியையும் வேளாண்மையையும் ஒருங்கே தொழிலாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையராக வாழும் ஊர். தமிழிலக்கண மரபிற் கூறுவதாயின், நெய்தலும் மருதமும் மயங்கிய நிலம். 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறந்துவைக்கப்படும் வரை, திருகோணமலை நகருக்குச் செல்வோர் துறையைப் பாதையிலும் தோணியிலும் கடந்தனர். கடல், வயல், துறை, தெரு, பள்ளிவாசல், கடை என வெவ்வேறு ஒலிச் சூழல்கள் சிறு நிலப்பரப்பில் நெருங்கி அமைந்திருத்தலின், இசைக்கும் இடத்துக்குமுள்ள உறவை ஆராய இத்தகைய ஊர் மிகப் பொருத்தமானது.

நிலமும் இசையும்

இடத்துக்கேற்ப இசை அமைய வேண்டும் என்னும் கருத்து மேனாட்டார் இருபதாம் நூற்றாண்டிற் கண்டுபிடித்த புதுமையன்று. தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். மருதத்துக்கு நெல்லரிகிணையும் மருதயாழும், நெய்தலுக்கு மீன்கோட்பறையும் விளரியாழும் உரியனவெனப் பின்வந்த உரையாசிரியரும் இலக்கண நூலாரும் விளக்கினர். நெல்லரிகிணை என்ற பெயரே நெல்லரியும் தொழிலைச் சுட்டுகின்றது; மீன்கோட்பறை என்பது மீன் கொள்ளும் தொழிலைச் சுட்டுகின்றது. இசை இவ்விடங்களில் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கருதப்படவில்லை. நிலத்தின் மரமும் புள்ளும்போலத் தொழிற்சூழலின் ஓர் உறுப்பாகவே கருதப்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இசை உள்ளத்தை மாற்றவல்லது என்பதையும் சங்கப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். பாலையாழ் வழிப்பறி செய்வோரின் கைப்படையை நழுவச்செய்து அவர்தம் உள்ளத்து மறத்தை நீக்கும் எனப் பொருநராற்றுப்படை கூறும். தினைக்கதிரை உண்ணவந்த யானை, பரணிலிருந்து பெண்ணொருத்தி பாடிய குறிஞ்சிப் பண்ணைக் கேட்டு, உண்ணவும் மறந்து, அகலவும் மறந்து துயின்ற காட்சியை அகநானூற்றின் 102ஆம் பாடல் காட்டும். புண்பட்ட வீரன் கிடக்கும் மனையில் வேப்பிலை செருகி, யாழும் பிறவும் இயம்பக் காஞ்சிப்பண் பாடிக் காக்கும் வழக்கத்தைப் புறநானூற்றின் 281ஆம் பாடல் பதிவு செய்துள்ளது. இவற்றிற் புனைவும் நம்பிக்கையும் கலந்திருக்கலாம். எனினும் நோயாளியின் அறைக்கு ஒருவகை இசையும், வழிப்போக்கனுக்கு மற்றொருவகை இசையும் பொருந்தும் என்னும் நுண்ணறிவு இவற்றிற் பொதிந்துள்ளமை மறுக்கவொண்ணாதது. இவ்விசை மரபைத் துருவி ஆராய்ந்து 1947ஆம் ஆண்டு யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் கிழக்கிலங்கையின் மைந்தர் என்பதும், மட்டக்களப்பு வாவியின் நீருள்ளிருந்து எழும் இனிய ஒலியை அந்நூலில் அவர் கருத்திற் கொண்டார் என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

கரையும் களமும்

கிழக்குக் கரையின் மீனவரிடையே அம்பாப் பாடல் என வழங்கும் பாட்டுவகை, நெய்தல் நிலத் தொழிலிசையின் எஞ்சிய வடிவமெனக் கருதத்தக்கது. கரைவலை இழுத்தல் தனியொருவராற் செய்யக்கூடிய தொழிலன்று. தோணியிற் சென்று கடலில் வளைத்து விடப்பட்ட நீண்ட வலையின் இரு கயிறுகளையும் கரையில் நின்ற இரு குழுவினரும் ஒரே சீராக இழுத்தல் வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும். ஒருவர் தளர்ந்தால் மற்றவர் தோளில் சுமை ஏறும். இந்நிலையில் ஒருவர் அடி எடுத்துப் பாட, ஏனையோர் ஒருங்கே ஏற்றுப் பாடுவர். இழுக்கும் கணத்திற் பாட்டின் அழுத்தம் விழும். பிடியை மாற்றும் கணத்தில் அடி நீளும். ஆகவே பாட்டு இங்கே பலருடைய உடல்களை ஓருடலாக்கும் கருவியாயிற்று. களைப்பை மறக்கச்செய்தலும் மடியில் வந்த மீன் குறைவாயின் மனம் சோராமற் காத்தலும் அதன் துணைப்பயன்கள்.

ஜேர்மனியின் பொருளியலறிஞர் கார்ல் பியூஹர் 1896ஆம் ஆண்டு வெளியிட்ட உழைப்பும் தாளமும் என்ற பொருளுடைய நூலில், பல நாட்டுத் தொழிற்பாடல்களைத் திரட்டி, உடலுழைப்பின் ஒழுங்கான அசைவிலிருந்தே தாளமும் பாட்டும் தோன்றின என வாதிட்டார். எல்லா இசைக்கும் அதுவே தோற்றுவாய் என்பதைப் பின்னையோர் அனைவரும் ஏற்றிலர். ஆயினும் கரைவலைப் பாட்டைப் பொறுத்தவரை அவர் கூற்றின் உண்மை கண்கூடு.

வயற்புறத்திலும் இதே நிலையினைக் காணலாம். சூட்டுக் களத்தில் மாடுகளை வளைத்து நடத்திக் கதிர்களை மிதிப்பிக்கும்போது, பொலி பெருகுக எனும் பொருள்பட உழவர் பாடும் பொலிப்பாட்டு, மாடுகளின் நடையையும் மனிதரின் விழிப்பையும் ஒருசேர நெறிப்படுத்தியது. சூடு மிதித்தல் இரவிலும் நிகழுந் தொழிலாதலின், ஒரே வட்டத்திற் சுற்றிச்சுற்றி நடக்கும் உழவனைத் துயில் ஆட்கொள்ளாமற் காத்தது பாட்டேயாகும். காவற்பரணில் இராக்காலத்துத் தனித்திருந்து, யானையும் பன்றியும் வயலில் இறங்காமற் காத்த இளைஞர் உரத்த குரலிற் கவி பாடினர். ஒரு பரணிலிருந்து எழுந்த கவிக்கு மற்றொரு பரணிலிருந்து விடைக்கவி வந்தது. அகநானூற்றுப் பெண்ணின் பாட்டு யானையைத் துயிலச் செய்தது. கிழக்கிலங்கை உழவனின் பாட்டோ யானையை விலக்கவும் தன்னைத் துயிலாது காக்கவும் பயன்பட்டது. பண்ணும் உரப்பும் நோக்கமும் வேறுபட, விளைவும் வேறுபடுகின்றது. கிழக்கிலங்கையின் இத்தகைய நாட்டார் பாடல்கள் 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதலியோரின் முயற்சியால் நூல்வடிவம் பெற்றமையும், பல்கலைக்கழகங்களில் ஆய்வுப்பொருளானமையும் தமிழியல் வரலாற்றிற் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகளாகும்.

கரையிலும் களத்திலும் எழுந்த இவ்விசைக்கு மூன்று பண்புகள் பொதுவானவை. பாடுபவரும் தொழில் செய்பவரும் ஒருவரே. பாட்டின் வேகம் தொழிலின் வேகத்தோடு இயைந்தது. தொழில் முடிந்ததும் பாட்டும் முடிந்தது. பின்னர் நிகழ்ந்த மாற்றங்களை மதிப்பிடுதற்கு இம்மூன்றையும் உரைகல்லாகக் கொள்ளலாம்.

தெருவும் வழிபாட்டிடமும்

தொழிற்களத்துக்கு அப்பாலும் இசை மக்களின் நடத்தையை ஒழுங்குபடுத்தியது. நோன்புகாலத்தில் வைகறைக்கு முன் பக்கீர்மார் றபான் தட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று ஸஹர் உணவுக்கு மக்களை எழுப்பும் வழக்கம் இலங்கை முஸ்லிம் ஊர்களில் நெடுங்காலம் நிலவியது. அது கேட்டு மகிழ்வதற்கான கச்சேரியன்று. உறங்குபவரை அச்சுறுத்தாது எழுப்புவதற்கான ஒலி. தொலைவில் மெல்லெனத் தொடங்கி, வாயிலை அணுகுந்தோறும் வலுத்து, பின்பு அகன்று தேயும் அதன் இயல்பே அப்பணிக்கு மிகப் பொருந்தியதாயிற்று. திருமண வீட்டிற் பெண்கள் எழுப்பும் குரவையும், ஆடவர் ஆடும் பொல்லடியும் மகிழ்ச்சியின் அறிவிப்பாகவும் அயலாரை அழைக்கும் ஓலையாகவும் அமைந்தன.

குடாவின் மறுகரையிலே, திருஞானசம்பந்தராற் பாடப்பெற்ற கோணேசர் கோயில் அமைந்துள்ளது. சைவக் கோயில்களிற் பெரியமேளத்துக்கு வகுக்கப்பட்ட முறைமை, இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப இசையை வகுக்கும் முதிர்ந்த மரபாகும். வைகறையிற் பூபாளம், பள்ளியறையில் நீலாம்பரி, சுவாமி எழுந்தருளும்போது மல்லாரி என வகுத்த முறையில், ஒவ்வோர் இசையும் கேட்போரிடத்து ஒவ்வொரு நடத்தையை எதிர்பார்க்கின்றது. மல்லாரியின் தாளத்துக்கு இணங்கவே சுவாமி தாங்குவோரின் அடி பெயர்கின்றது. இசையின் வேகம் மனிதரின் நடையை மாற்றும் என இக்காலச் சந்தை ஆய்வாளர் அளந்து காட்டிய உண்மையை, வீதியுலாவிற் சுவாமி தாங்கியோர் தம் தோளாலும் காலாலும் அறிந்திருந்தனர்.

தொழிற்சாலையும் வானொலியும்

இயந்திரம் வந்ததும் தொழிற்பாட்டின் நிலை மாறியது. இயந்திரத்தின் பேரொலிக்கு முன் மனிதக் குரல் எடுபடாது. அதன் வேகமும் மனிதப் பாட்டின் வேகத்துக்கு இணங்காது. தொழிலாளர் பாடுவதை விடுத்தனர். அவ்வெற்றிடத்தை நிரப்ப, வெளியிலிருந்து இசை கொண்டுவரப்பட்டது. பிரித்தானியாவின் தொழிற்சுகாதார ஆராய்ச்சிச் சபைக்காக வயற், லாங்டன் என்போர் 1937ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, ஒரே செயலைத் திரும்பத்திரும்பச் செய்யும் தொழிலாளரின் சலிப்பை இசை குறைத்தது என்றும், இசை ஒலித்த வேளைகளில் உற்பத்தி ஓரளவு உயர்ந்தது என்றும் கண்டது. இரண்டாம் உலகப்போர் மூண்டு, ஆயுத உற்பத்தியைப் பெருக்கவேண்டிய நிலை எழுந்தபோது, 1940 யூன் 23ஆந் திகதி பி.பி.சி. நிறுவனம் வேலை செய்கையில் இசை என்னும் பொருள்தரும் பெயருடைய ஒலிபரப்பைத் தொடங்கியது. காலையும் மாலையும் அரைமணி நேரம் ஒலித்த இந்நிகழ்ச்சி 1967ஆம் ஆண்டு வரை நீடித்தது.

இந்நிகழ்ச்சியை அமைத்தோர் கைக்கொண்ட விதிகள் ஆராய்தற்குரியன. ஒலியின் உரப்புத் திடீரெனக் கூடிக்குறைதல் கூடாது. மிக மந்தமான இசை விலக்கப்பட வேண்டும். இசை கவனத்தை முழுதாக ஈர்த்துவிடவும் கூடாது. அமெரிக்கப் பாட்டொன்றின் இடையிற் கைதட்டும் இடங்கள் இருந்தமையால், தொழிலாளர் கருவிகளை விடுத்துக் கைதட்டுவர் அல்லது கருவிகளாலேயே இயந்திரத்தைத் தட்டுவர் என அஞ்சி, அப்பாட்டு வேலைநேர ஒலிபரப்பிலிருந்து நீக்கப்பட்டது. கரைவலை இழுப்போருக்குப் பங்குகொள்ளலே பாட்டின் உயிர். தொழிற்சாலையிலோ பங்குகொள்ளலே பாட்டின் குற்றமாயிற்று. தொழிலிசையின் வரலாற்றில் நிகழ்ந்த அடிப்படை மாற்றத்தை இச் சிறு நிகழ்ச்சி தெளிவுறக் காட்டுகின்றது.

அதே போர், வானொலி இசையைத் திருகோணமலைத் துறைக்கும் கொண்டுவந்தது. 1942 ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளான இத்துறைமுகம், போரின் பிற்பகுதியில் நேசநாட்டுக் கடற்படையின் முக்கிய தளமாயிற்று. தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் 1944ஆம் ஆண்டு பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அதன் படையினரின் மனவுறுதியைப் பேணுவதற்கெனக் கொழும்பிலிருந்து சீக் வானொலி என்ற படையினர் வானொலி இயங்கியது. வீட்டை விட்டு நெடுந்தொலைவில் வெப்பத்தோடும் தனிமையோடும் போராடிய படைவீரருக்கு இசை ஒருவகை மருந்தாகத் தரப்பட்டது எனலாம்.

போருக்குப் பின் அவ்வொலிபரப்பு வசதிகள் இலங்கை வானொலிக்கு உரியனவாயின. 1925ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஒலிபரப்பு, 1950ஆம் ஆண்டு வர்த்தக சேவையின் தோற்றத்துடன் புதிய வலிமை பெற்றது. எஸ். பி. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளரின் குரலுடன் திரைப்பாடல்கள் இலங்கையின் கிராமங்கள் தோறும், பாக்கு நீரிணைக்கு அப்பாலும் ஒலித்தன. டிரான்சிஸ்டர் வானொலி பரவியபின் மின்சாரம் எட்டாத வாடியிலும் வயற்குடிலிலும் பாட்டுக் கேட்டது. பரணிற் காவலிருந்தவன் தானே கவிகட்டிப் பாட வேண்டிய தேவை குறைந்தது. அவன் கேட்ட பாட்டு இனியதே. ஆயின் அதற்கு அயற்பரணிலிருந்து விடைக்கவி வருதல் இல்லை.

கடற்கரையிலும் மாற்றம் நேர்ந்தது. உழவு இயந்திரத்திற் பொருத்திய உருளையினாற் கரைவலைக் கயிற்றை இழுக்கும் முறை வடக்கு, கிழக்குக் கரைகளிற் பரவியதும், பல தோள்களின் வேலையைச் சில கைகளே செய்யலாயின. அம்முறை தொழிலாளரின் பிழைப்பைப் பறிக்கின்றது என்றும் கடல்வளத்துக்குக் கேடு விளைக்கின்றது என்றும் எதிர்ப்புகள் எழுந்தன. பிழைப்புப் போன இடத்திற் பாட்டும் போயிற்று என்பது அவ்வெதிர்ப்புகளில் எவரும் எடுத்துரையாத இழப்பாகும்.

வாணிகத்தின் இசை

தொழிலாளரை நோக்கிய பின்னணி இசை விரைவில் நுகர்வோரை நோக்கித் திரும்பியது. அமெரிக்கப் படைத்துறை அதிகாரி ஜோர்ஜ் ஸ்குவயர், கம்பிவழியாக இசையைக் கட்டடங்களுக்கு வழங்கும் முறையை உருவாக்கி, 1934ஆம் ஆண்டு அதற்கு மியூசக் எனப் பெயரிட்டார். அந்நிறுவனம் பின்னர் இசையைப் பதினைந்து நிமிடக் கூறுகளாக வகுத்து, ஒவ்வொரு கூறிலும் பாட்டுக்குப் பாட்டு ஊக்கம் படிப்படியாக உயருமாறு ஒழுங்குசெய்து, இடையில் மௌனத்தையும் அமைத்தது. பிரெஞ்சு இசையாளர் எரிக் சற்றி 1917ஆம் ஆண்டளவிலேயே, அறையிலுள்ள நாற்காலியைப்போலக் கவனிக்கப்படாது இருக்கவேண்டிய தளவாட இசை என்னும் கருத்தை முன்வைத்திருந்தார். 1920ஆம் ஆண்டு அதனைப் பாரிசில் அரங்கேற்றியபோது, அவையோர் பேச்சை நிறுத்தி அமைதியாகக் கேட்கத் தலைப்பட, கேளாதீர், பேசுங்கள், உலாவுங்கள் எனும் கருத்துப்பட அவர் வற்புறுத்த நேர்ந்தது. சற்றி வேடிக்கையாகக் கண்ட கனவை வாணிகர் மெய்யாக்கினர்.

அதன் விளைவு அளந்தும் காட்டப்பட்டது. றொனால்ட் மில்லிமன் 1982ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பேரங்காடியொன்றில் விரைவான இசை ஒலித்த நாட்களைவிட மந்தமான இசை ஒலித்த நாட்களில் நுகர்வோர் மெதுவாக நடந்தனர் என்றும், விற்பனை ஏறத்தாழ 38 வீதம் கூடுதலாக இருந்தது என்றும் காட்டினார். பிரித்தானிய உளவியலாளர் நோத், ஹாகிறீவ்ஸ், மக்கென்றிக் ஆகியோர் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. கடையிற் பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களிற் பிரெஞ்சு மதுவும், ஜேர்மன் இசை ஒலித்த நாட்களில் ஜேர்மன் மதுவும் மிகுதியாக விற்பனையாயின. ஆயினும் தம் தெரிவை இசை வழிநடத்தியது என்பதை வாங்கியவர்களுட் பெரும்பாலோர் உணர்ந்திருக்கவில்லை.

இத்தகைய ஆற்றலைக் காணப் பேரங்காடிக்குச் செல்ல வேண்டுவதில்லை. இலங்கையின் தெருக்களில் முச்சக்கர வண்டியிற் பாண் விற்போர் ஒலிக்கும் மெட்டு, பேதோவன் 1810ஆம் ஆண்டளவில் இயற்றிய எலீசாவுக்கு என்ற பியானோ உருப்படியாகும். வியன்னாவின் இசையறைக்கென எழுதப்பட்ட மெட்டு, இந்நாட்டுச் சிறுவருக்குப் பாண் வந்துவிட்டது என்ற ஒரே பொருளையே தருகின்றது. இயற்றியவரின் பெயரை அறியாதாரும் மெட்டுக் கேட்டதும் வாயிலுக்கு விரைகின்றனர். இசை தன்னகத்தே கொண்டுள்ள பொருளைவிட, பழக்கம் அதன்மேல் ஏற்றிய பொருளே நடத்தையை மாற்றுவதிற் பெரும்பங்கு கொள்கின்றது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

கருத்தூன்றலும் இசையும்

பல்கலைக்கழக மாணவருக்கு மிக அணுக்கமான வினா, இசை கேட்டுக்கொண்டு படித்தல் பயன்தருமா என்பதாகும். 1993ஆம் ஆண்டு றோஷர் முதலிய மூவர், மோட்சாற்றின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட மாணவர் இடவெளி சார்ந்த அறிவுச் சோதனையிற் சிறிது நேரம் கூடுதலான திறமை காட்டினர் என அறிவித்தனர். இச்சிறு முடிபு, இசை அறிவை வளர்க்கும் என ஊதிப் பெருப்பிக்கப்பட்டது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்குங் குழந்தைகள் யாவருக்கும் இசைத்தட்டு வழங்க 1998ஆம் ஆண்டு ஏற்பாடு செய்யும் அளவுக்கு அது சென்றது. ஆனால் 2001ஆம் ஆண்டு தொம்சன், ஷெலன்பேக், ஹூசைன் ஆகியோர் நடத்திய ஆய்வு, அவ்விளைவுக்குக் காரணம் கேட்டவரின் மனக்கிளர்ச்சியும் மகிழ்ச்சியுமே அன்றி மோட்சாற்றின் தனிச்சிறப்பன்று எனக் காட்டியது.

மேலும், மோட்சாற் ஆய்வில் இசை முன்னரும் பணி பின்னரும் நிகழ்ந்தன. இரண்டும் ஒருங்கே நிகழும்போது நிலைமை வேறு. சலமே, பட்டெலி என்போர் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, சொற்களோடு கூடிய பாட்டு, கருவியிசையைவிட, உடனடி நினைவாற்றலைக் கூடுதலாகக் குலைக்கின்றது. படிப்பவனின் மனமும் பாட்டும் சொல் என்னும் ஒரே வாயிலிற் புக முயன்று முட்டிக்கொள்வதே இதற்குக் காரணமெனலாம். கெம்ஃபே முதலியோர் 2011ஆம் ஆண்டு பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, பின்னணி இசையின் மொத்த விளைவு ஏறத்தாழச் சுழி என்றனர். ஆனால் அச்சுழிக்குள் இருவேறு விளைவுகள் ஒளிந்திருந்தன: இசை மனவுணர்வையும் உடற்பயிற்சியையும் மேம்படுத்தியது, வாசிப்பைக் குலைத்தது.

இம்முடிபினைக் கரைவலையோடும் களத்தோடும் ஒப்புநோக்கின் முரண்பாடு நீங்கும். வலை இழுத்தலும் சூடு மிதித்தலும் உடலின் சீரான அசைவைச் சார்ந்த தொழில்கள். அவற்றின் பகை சலிப்பும் களைப்புமே. அங்கே இசை துணை. வாசித்தலோ சொல்லின்மீது மனம் குவியவேண்டிய தொழில். அதன் பகை கவனச்சிதறல். அங்கே சொல்லோடு வரும் இசை அப்பகைக்குக் கதவு திறக்கின்றது. ஒரே பாட்டு ஒரு தொழிலுக்கு மருந்தாகவும் மற்றொன்றுக்கு நோயாகவும் அமையும். நல்ல இசை எது என்பதன்று வினா. இத்தொழிலுக்கு, இவ்விடத்தில், இவ்வேளையிற் பொருந்தும் இசை எது என்பதே வினா. திணைக்கொரு யாழும் பறையும் வகுத்த பழந்தமிழ் மரபின் உட்கருத்தும் இதுவேயாகும்.

கேளாதிருக்கும் உரிமை

பொருத்தம் மட்டும் போதாது, இசைவும் வேண்டும். வாஷிங்டன் நகரின் பயண வண்டிகளில் வானொலி ஒலிக்கப்பட்டமையை எதிர்த்துப் பயணிகள் தொடுத்த வழக்கை 1952ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆயின் நீதியரசர் டக்ளஸ் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நீதியரசர் ஃபிராங்பேட்டர், தாமே அவ்வொலியால் அல்லலுற்றவராதலின் நடுநிலை பிறழக்கூடுமெனக் கருதி வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். இலங்கையிற் பஸ்வண்டிகளிற் பயணம் செய்வோர்க்கு அவருடைய நிலை எளிதில் விளங்கும். பயணி விரும்பினால் அடுத்த தரிப்பில் இறங்கலாம். ஆனால் இறங்கினால் ஊர் சேர முடியாது. 1969ஆம் ஆண்டு பாரிசிற் கூடிய யுனெஸ்கோவின் அனைத்துலக இசைப் பேரவை, பொதுவிடங்களில் இசையை அளவிறந்து ஒலிப்பதைக் கண்டித்து, மௌனத்துக்கான மனிதனின் உரிமையை வலியுறுத்தியது. இசையறிஞர் அவையே மௌனத்துக்காக வாதிட்டமை அதன் சிறப்பு.

இலங்கையில், வெலிகமவிற் பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கொன்றில் 2007 நவம்பர் 9ஆந் திகதி உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இரவு 10 மணி முதற் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பயன்பாட்டுக்குப் பொதுத்தடை விதித்தது. ஒரு சமயத்தவரின் ஒலிபற்றி எழுந்த வழக்கில் எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவான நெறி வகுக்கப்பட்டமை கருதத்தக்கது. ஒலிபெருக்கி வருமுன், பக்கீரின் குரல் சென்ற தொலைவே அவருடைய எல்லை. தொண்டை களைத்ததும் அவரும் அமைதியானார். மனித உடலே ஒலிக்கு அளவுகோலாக இருந்தது. கருவி அவ்வளவுகோலை முறித்ததும், சட்டம் அவ்விடத்தை நிரப்ப நேர்ந்தது.

முடிவுரை

பழைய தொழிற்பாட்டின் மறைவை எண்ணிப் பழைய உழைப்பின் கொடுமையை மறத்தல் பொருந்தாது. கயிறு அறுத்த கைகளும் உறக்கமற்ற இரவுகளுமே அப்பாடல்களைப் பெற்றெடுத்தன. துறையைக் கடந்த தோணிப்பயணத்தை நினைந்து ஏங்குவோர், 2021 நவம்பர் 23ஆந் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிற் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர் உயிரிழந்த துயரையும் உடன் நினைத்தல் வேண்டும். பாலம் வேண்டும், இயந்திரமும் வேண்டும். வேண்டுவது யாதெனில், தொழிற்பாட்டின் மூன்று பண்புகளுட் புதிய சூழலிலும் காக்கக்கூடியவற்றைக் காத்தலேயாம்.

முதலாவதாக, கேட்பவருக்கு அதனைத் தெரிவு செய்யவோ நிறுத்தவோ உரிமை இருத்தல் வேண்டும். பாடியவனே உழைத்தவனாக இருந்த காலத்தில் இவ்வுரிமை தானே அமைந்திருந்தது. இன்று அதனை முயன்று அமைக்க வேண்டியுள்ளது. இரண்டாவதாக, இசை செயலுக்கு இயைந்திருத்தல் வேண்டும். நூலகமும் மருத்துவமனையும் வகுப்பறையும் அமைப்போர் சுவரையும் சாளரத்தையும் திட்டமிடுவதுபோல ஒலியையும் திட்டமிடுதல் கடனாகும். மூன்றாவதாக, இசைக்கு முடிவு இருத்தல் வேண்டும். இடையறாத இசை, இசையாகவும் நில்லாது, மௌனத்தையும் விட்டுவையாது.

கரைவலையின் மடி கரையேறியதும் அம்பாப் பாடல் ஓயும். அதன்பின் கடலின் ஒலி கேட்கும். மீன் பங்கிடும் மனிதரின் பேச்சுக் கேட்கும். பாட்டு எப்போது வேண்டும் என்பதை மட்டுமன்றி, எப்போது வேண்டா என்பதையும் அம்மீனவர் அறிந்திருந்தனர். ஒலிபெருக்கியை இயக்குவோரும், கட்டடங்களை அமைப்போரும், செவிக்கருவியோடு நூல்முன் அமரும் மாணவரும் அவரிடமிருந்து கற்கவேண்டிய பாடம் அதுவேயாகும்.